மசக்கைதானே என்று சிரித்துவிடுகிறோம்

புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரமன்னன் ஒருவனைப் புகழ்கிறார். மசக்கை கொண்ட பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர, அவனுடைய நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாதாம். மன்னனின் வீரத்துக்காக அந்தப் பாட்டைப் படித்துவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். எனக்கோ அந்தப் பெண்கள்மீதுதான் கண் போகிறது. அவர்கள் ஏன் மண் தின்றார்கள்?

மருத்துவத்தில் இதற்கு ‘பிக்கா’ என்று பெயர். அகப்பட்டதையெல்லாம் கொத்தும் பறவை ஒன்றின் இலத்தீன் பெயர் அது. உணவல்லாத பொருளை ஒரு மாதத்துக்கு மேலாக விடாமல் தின்றால், அது உணவுண்ணல் கோளாறுகளில் ஒன்று. நம் வீடுகளில் அது பச்சை அரிசியாக, சாம்பலாக, வெண்கட்டியாக, ஓயாமல் கடிக்கும் ஐஸ் கட்டியாக இருக்கிறது. “பிள்ளைத்தாச்சிக்கு ஆசை, தின்னட்டும்” என்று சிரித்துவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைந்த உடலில்தான் இந்த ஆசை அதிகம் காணப்படுகிறது. தின்ற மண்ணோ உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். போதாததற்குப் புழுவும் ஈயமும் அதனோடு வரலாம்.

மண் தின்பவளையாவது யாரேனும் கண்டுவிடுவார்கள். சாப்பிட்டதைத் தானே வரவழைத்துச் சத்தி எடுப்பவளை யார் காண்பார்? உடல் பெருத்துவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடப்பதும், பிறகு அள்ளி உண்பதும், உண்டதை வெளியேற்றுவதும் ‘புலிமியா’ என்ற நோய். கர்ப்ப காலத்தில் அதற்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. எல்லாமே மசக்கைச் சத்தி என்ற கணக்கில் போய்விடும். இங்கிலாந்து இளவரசி டயானா 1995இல் பிபிசி பேட்டியில், தான் பல ஆண்டுகள் இந்த நோயோடு வாழ்ந்ததைச் சொன்னார். இரகசிய நோய் என்றே அதைக் குறிப்பிட்டார். அரண்மனையிலேயே மறைக்க முடிந்தது என்றால், நம் குசினிகளைப் பற்றி என்ன சொல்வது!

அடிக்கடி சத்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். குழந்தை மாதம் நிறையுமுன் பிறக்கலாம், நிறை குறைந்து பிறக்கலாம். பிரசவத்துக்குப் பின் தாய் மனச்சோர்வில் விழும் ஆபத்தும் கூடுகிறது.

நம் மாவட்டத்தில் உணவுக்கு என்ன குறை? கிண்ணியாவிலும் மூதூரிலும் மீன் கரையேறுகிறது, சீனன்குடாவில் மா ஆலை ஓடுகிறது. மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வருகிறார். கிளினிக்கில் நிறை நிறுத்து, இரத்தம் சோதித்து, இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும் தருகிறார்கள். (அந்தத் திரிபோஷா வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உருண்டையாகிவிடுவது வேறு கதை.) ஆனால் தராசு நிறையை மட்டுமே சொல்லும். புலிமியா உள்ள பலரின் நிறை சாதாரணமாகவே இருக்கும். ஆகவே முதல் கிளினிக்கிலேயே சாப்பாட்டோடு அவளுக்குள்ள உறவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் கேள்விக்குப் பதிலாகக் கேலிதான் கிடைக்கிறது. “என்ன மகள், இப்பவே இப்பிடி ஊதிட்டீங்க?” என்கிறார் ஒரு மாமி. “பிள்ளை பெருத்தா சீசர்தான், குறைச்சித் தின்னுங்க” என்கிறார் இன்னொருவர். சாதாரண உடல்வாகுள்ள ஒரு பெண் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடத்தான் வேண்டும். ஏற்கெனவே உடம்பைப் பற்றிய பயத்தில் இருப்பவளுக்கு மாமியின் அந்த ஒரு வார்த்தை போதும், அன்றிரவுச் சாப்பாடு நின்றுவிடும்.

நோன்பு மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இந்த நோயுள்ளவளோ நோன்பைத் தன் பட்டினிக்குத் திரையாக்கிக்கொள்ளக்கூடும். சஹருக்கும் எழும்பாமல் நோன்பு பிடிக்கிறாள் என்று வீடே அவளைப் பாராட்டும். அந்த இடத்தில் ஓர் உம்மாதான் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த நோய்கள் பெரும்பாலும் தொடங்குவது கல்யாணத்துக்குப் பிறகல்ல, நம் வகுப்பறை வயதில். மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டவள், இடைவேளையில் வாங்கித் தின்றுவிட்டு மலசலகூடத்துக்கு ஓடியவள் நம்மிடையே இருக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இப்போதே அவள் அழைக்கலாம். நாளை ஒரு கர்ப்பிணியாகக் கிளினிக்குக்குப் போகும்போது, முதல் நாளே இதை மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிவிடட்டும். மாமி பக்கத்தில் நிற்கிறார், வாயால் சொல்லக் கூச்சம் என்றால், ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.