வேலூர் விமான நிலையம்: காய் ஏறுமா, காணி விலை ஏறுமா?

அப்துல்லாபுரம் விமான நிலையம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் வருகின்றன. நம்ம முள்ளு கத்தரிக்காய் துபாய்க்குப் பறக்குமா? பக்கத்து நிலத்தை இப்போதே விற்றுவிடலாமா?

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். வெள்ளையர் காலத்து இந்த ஓடுதளத்தை, மத்திய அரசின் உடான் திட்டத்தில் சுமார் 20 பேர் அமரும் சிறு விமானங்களுக்காகச் சீரமைத்தார்கள். ஆளுக்கும் மூட்டைக்கும் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால் மொத்தம் 2 டன். அந்த விமானம் தூக்கும் பாரமே ஏறக்குறைய அவ்வளவுதான், காய்க்கு இடமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் பொருட்களே பெரும்பாலும் கன்டெய்னரில் துறைமுகத்துக்குத்தான் போகின்றன. நமக்கு ஏற்றுமதி வாசல் சென்னை சரக்கு முனையம்தான். புவிசார் குறியீடு பெற்ற கத்தரிக்காயை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் தரம் பிரித்து, பூச்சிமருந்து எச்சமின்றி அனுப்புவதே வழி.

இரண்டாவது கேள்விக்குச் சேலத்தைப் பாருங்கள். உடானில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் சேவை வந்தது. இத்திட்டத்தில் விமான நிறுவனத்துக்கு மானியம் 3 ஆண்டுகள்தான். நின்ற விமானம் திரும்ப வரலாம். விற்ற நிலம் வராது. எனவே புரோக்கர் பேச்சைக் கேட்டு முன்பணம் வாங்காதீர்கள்.

விரிவாக்கத்துக்கு அரசே நிலம் கேட்டால்? 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலை காட்டும் பாதிப் பத்திரங்களின் சராசரி ஆகியவற்றில் கூடுதலானதே அடிப்படை. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் ஊரில் இழப்பீடும் குறையும். கிராமப்புறத்தில் அந்த மதிப்பைப் பெருக்கி, அதற்குச் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். கிணறு, தென்னை, மாமரத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆகவே இந்த மாதமே மூன்று வேலை செய்யுங்கள். தாத்தா பெயரில் உள்ள பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மரம், கிணறு, பயிர் விவரம் அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். நோட்டீஸ் வந்தால் ஆட்சேபணைக்கான கடைசித் தேதியைக் குறித்து வைத்து, எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

விமானம் வரும்போது வரட்டும். காகிதம் இன்றே கையில் இருக்கட்டும்.