யார் யாருக்குப் பாடம் சொல்வது?



போன மாதம் நமது இதழின் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் கூட்டமாம். பெரிய கம்பெனிகளின் மேலதிகாரிகள் மலையேறி வருகிறார்களாம். அவர்களுக்குப் பாடம் சொல்ல நாலு அகதிப் பெண்கள் வேண்டுமாம். உங்களுக்கு முகாம்களில் பழக்கம் உண்டே, நன்றாகப் பேசக்கூடிய நாலு பேரைப் பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதற்கு 'ரிவர்ஸ் மென்டாரிங்' என்று பெயர். தலைகீழ் வழிகாட்டல்.

நான் உடனே மறுத்து ஒரு பதில் எழுதினேன். காரமான பதில். அதையே தலையங்கமாகப் போட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். ஏன் போடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 1999இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் தலைவர் ஜாக் வெல்ச் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு உத்தரவு போட்டார். ஆளுக்கொரு இளைய ஊழியரைப் பிடித்து இன்டர்நெட் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பெரியவர் மாணவர், சின்னவர் வாத்தியார். பிறகு இது பல நாட்டுக் கம்பெனிகளுக்குப் பரவியது. பெண்களிடம், கறுப்பின மக்களிடம், அகதிகளிடம் மேலே இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரிந்தது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் பாடம் முடிந்ததும் மேலதிகாரி மேலேதான் போய் உட்காருகிறார். வாத்தியார் பழைய இடத்துக்கே திரும்புகிறார். அறிவு மேலே போகிறது, அதிகாரம் கீழே வருவதில்லை.

நம்ம சேர்வராயன் மலைக்கு இது புதுசா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் காலத்தோடு சேர்த்துத்தான் இந்த மலையின் காப்பி வரலாற்றைச் சொல்கிறார்கள். காப்பியைக் கொண்டுவந்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காடு யாருடையதோ அந்த மலையாளிப் பழங்குடிகளின் பெயர் எந்த எஸ்டேட் பலகையிலும் இல்லை. பழம் பறித்த பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் மிஞ்சவில்லை. ஆனால் தோட்டத்தைக் காப்பாற்றியது யார் அறிவு? பழுத்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். காயையும் சேர்த்து உருவினால் காப்பியின் ருசி கெடும், கணுவைப் பிய்த்தால் அடுத்த வருசம் அந்த இடத்தில் பூ வராது. தண்டைத் துளைக்கும் புழு உள்ளே இருந்தால் பட்டை மேலே வரிவரியாகத் தடித்திருக்கும். அதை முதலில் கண்டு மேஸ்திரிக்குச் சொல்வது தினம் செடியோடு நிற்கிறவள்தான். மேஸ்திரி ரைட்டருக்குச் சொல்வான், ரைட்டர் துரைக்குச் சொல்வான். துரை அதைத் தன் அனுபவம் என்பான். இருநூறு வருசமாக இங்கே பாடம் கீழிருந்து மேலேதான் போகிறது, சம்பளமில்லாமல்.

அந்த அகதிப் பெண்கள் யார்? இதே காப்பிக்காகத்தான் சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிப் போனான், கண்டிச் சீமைக்கு. போனவர்களில் நிறையப் பேர் சேரிச் சனம். 1869இல் அங்கே காப்பி இலையில் துருநோய் விழுந்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது, கூலி மட்டும் மாறவில்லை. 1948இல் சுதந்திர இலங்கை முதல் வேலையாக அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆடுமாடு பிரிப்பதுபோல். ஒரு தேயிலைக்காரியைக் கூப்பிட்டு 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்' என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் உலகின் முதல் பெண் பிரதமர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் கொழுந்து பறிப்பவள் குரல் கேட்டுவிடாது.

ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்து வந்தவர்கள் 'அகதி'. அவர்களிலும் மலையகத்து மக்கள் நிறையப் பேர். கொள்ளுப்பாட்டன் சேலத்துக்காரன், பேத்தி சேலம் மாவட்ட முகாமில் அகதி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது. குடியுரிமை?

இதையெல்லாம் எழுதித்தான் அந்தக் கடிதத்துக்கு மறுப்புச் சொல்லியிருந்தேன். தபாலில் போடும் முன் முகாமில் ஒரு அக்காவிடம் படித்துக் காட்டினேன். பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏந்தம்பி, அவங்க எங்களக் கேக்காம உங்களக் கேட்டாங்க. சரி. நீங்க எங்களக் கேட்டீங்களா? வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

"நாப்பது வருசமா எத்தன உருப்படின்னு கேப்பாங்க, கார்டு இருக்கான்னு கேப்பாங்க. ஒனக்கு என்னா தெரியும்னு ஒருத்தன் கேட்டதில்ல. கேக்கறான்னா நான் போறேன். ஆனா அங்க போயி அழுவ மாட்டேன். கப்பல்ல வந்த கதையச் சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். எம் மவ பி.காம். படிச்சிருக்கா. அகதின்னு அட்டையப் பாத்ததும் வேல இல்லங்கறாங்க. பெயிண்ட் அடிக்கப் போற பையனுக்கு உள்ளூர்க்காரனவிடக் கொறச்சுக் குடுக்கறாங்க. இத மாத்துவியான்னு மூஞ்சிக்கு நேரா கேப்பேன். நீங்க கேட்டா அது கூட்டத்துப் பேச்சு. நான் கேட்டா அவன் பதில் சொல்லணும்."

நான் பத்துப் பக்கத்தில் எழுதியது ஒப்பந்தங்களைப் பற்றி. அவர் சொன்னது ஒரு கம்பெனி முதலாளி நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். குடியுரிமை தருவது டெல்லியின் கையில். படித்த பெண்ணை அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பாமல் இருப்பது அந்த மேலதிகாரியின் கையில்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ஓட்டலுக்குக் கீழேயே லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கிருக்கும் பெண்களை ஏன் கூப்பிடவில்லை? அகதியின் துயரம் இன்னொரு நாடு செய்த குற்றம். அதைக் கேட்டு முதலாளி கண்ணீர் விடலாம், கைக்காசு எதுவும் போகாது. லைன் வீட்டுக்காரி பேசினால் கூலி, கக்கூஸ், தண்ணீர் என்று ஆரம்பிப்பாள். குற்றவாளி கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பான். அகதி என்றால் அனுதாபம், சேரிக்காரி என்றால் தூரம். அக்காவோ இரண்டும்தான். முகாமில் அகதி, மலையில் கூலி.

மேலே இருப்பவன் கூப்பிட்டால்தான் கீழே இருப்பவள் பாடம் சொல்ல முடியுமா? மூணாறை நினைத்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 'பெண்கள் ஒற்றுமை' என்று சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி 10 சதவீத போனஸ் என்றது, இவர்கள் 20 கேட்டார்கள். தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே வராதே என்றார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். முதலாளிக்கு ஒரு பாடம், சங்கத்து ஆண்களுக்கு ஒரு பாடம். எந்த ஓட்டலிலும் நடக்காத வகுப்பு அது. சங்கத்துக்குச் சொன்ன பாடம் நமக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

ஆகவே பழைய பதிலைக் கிழித்துப் போட்டோம். முகாமிலேயே உட்கார்ந்து அக்காவும் மற்றப் பெண்களும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர்கள் போட்ட நிபந்தனைகள் இவை:

ஒன்று. பொன்னாடை வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்கு என்ன சம்பளம் தருவீர்களோ அதையே எங்களுக்கும் தர வேண்டும்.

இரண்டு. எங்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. அழுகைக் கதை கேட்கக்கூடாது.

மூன்று. முகாமில் கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகைக்கு ஆபத்து. அதிகாரிகளிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

நான்கு. முதல் நாள் வகுப்பு ஓட்டலில். இரண்டாம் நாள் வகுப்பு முகாமில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

ஐந்து. எஸ்டேட் லைனிலிருந்து ஒரு பெண்ணும் மலையாளி ஊரிலிருந்து ஒரு பெண்ணும் எங்களோடு உட்காருவார்கள்.

ஆறு. நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு மூன்று மாதத்தில் எழுத்தில் பதில் வர வேண்டும். முகாம் பிள்ளைகளுக்கு வேலை உண்டா இல்லையா என்பது முதல் கேள்வி.

இது சமரசம் என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். முதலாளியின் மேசையில் போய் உட்காருவதா என்பார்கள். நியாயமான சந்தேகம். அவர்கள் இதைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் பார்ப்பார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை போகிறவளுக்கு. அவள் ஏமாற்றப்படாமல் பின்னால் நிற்பதுதான் நம் வேலை. அவள் வாயைப் பொத்திவிட்டு அவளுக்காக நாம் கோபப்படுவதற்குப் பெயர் விடுதலை அல்ல.

இந்த இதழின் ஆசிரியர் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள். பாபாசாகேப் படத்தை அட்டையில் போடுகிறோம், பக்கத்தில் இருக்கும் பெண்ணைக் கேட்காமல் பதில் எழுதுகிறோம். தலைகீழ்ப் பாடம் கம்பெனிக்காரனுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. அடுத்த இதழிலிருந்து முகாம் பெண்களின் பக்கம் ஒன்று தனியாக வரும். அதில் நாங்கள் கை வைக்க மாட்டோம்.

சேலத்துக் கல்லூரிகளில் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முகாமுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறீர்கள், சந்தோஷம். முதல் நாள் ஒன்றும் சொல்லித்தராதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

நிபந்தனைக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் அடுத்த இதழில் அப்படியே போடுவோம். வராவிட்டால் அதையும் போடுவோம்.

ஜெய் பீம்!