அரைப்பேர்

"பேர்" என்னும் சொல்லுக்கு நாமம், புகழ், ஆள் எனத் தமிழிற் பல பொருள் உண்டு. மாத்தளைத் தோட்டங்களில் மற்றுமொரு பொருளும் வழங்குகிறது: ஒரு நாட் சம்பளம். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளையை அடைந்தனர் நம் மக்கள். செக்ரோலில் அவர்தம் பெயருக்கு நேரே விழுந்த குறியே நாளடைவிற் பேராயிற்று போலும். சொற்பொருள் மாறுதல் இயல்பே. அதனை நாம் குறைகூறவில்லை.

ஆனால் இந்த "அரைப்பேர்" இருக்கிறதே! காலை முதல் மாலை வரை மலையில் நின்று கொழுந்து பறித்தும், குறித்த நிறை குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேரே விழும். "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு தாய் சொல்லும்போது, குறை தன்னுடையதே என்ற எண்ணமும் அச்சொல்லோடு கூடவே வருகிறது. அதனையே "முழுநாள் வேலைக்கு அரைநாட் சம்பளம்" என்று சொல்லிப் பாருங்கள். ஏன் என்ற கேள்வி தானே எழும்!

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே முறையிடலாம். ரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் தொழிலாளருக்காக மனு எழுதும் தோழர்களை நாம் வேண்டுவது ஒன்றே: "அரைப்பேர்" என்று எழுதாதீர்கள். எத்தனை மணி நேரம் உழைத்தார், எத்தனை ரூபாய் வெட்டப்பட்டது என்று எழுதுங்கள்.