பெட்டிக்குள் இருப்பதையும் அட்டையில் சொல்லட்டும்

ஒரு கிலோ துவரம் பருப்பைப் பாக்கெட்டில் அடைத்து விற்பதென்றால் அதன் மேல் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஒன்று விடுபட்டாலும் பாக்கெட் போட்டவர் மட்டுமல்ல, விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நாம் வாங்கும் மின்னணுக் கருவியின் அட்டையில், பழுதானால் சரி செய்ய முடியுமா, உதிரி பாகம் கிடைக்குமா என்று ஒரு வரியைக் காண்பது அரிது. இது என்ன நியாயம் என்று வணிகர்களாகிய நாம் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கருவியைப் பிரித்துப் பார்த்தால் போதும். பிள்ளைகள் இரு கைகளாலும் பிடித்து வீடியோ கேம் ஆடுகிறார்களே, அந்தக் கண்ட்ரோலர்தான் அது. அதில் முதலில் தேய்வது கட்டைவிரலால் அசைக்கும் குமிழ். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்படி வேலை செய்கிறதோ, பெரும்பாலான குமிழ்களும் அப்படியே. கரிப் பூச்சின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். உரச உரசப் பூச்சு தேயும், தூசு சேரும். பிறகு கையை எடுத்தாலும் திரையில் உருவம் தானாக நகரும். மற்ற பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்க, இந்த ஒரு பாகத்துக்காக முழுக் கருவியும் குப்பைக்குப் போகிறது.

பிரபலமான மூன்று வகைகளைப் பார்ப்போம். 2020இல் சோனி வெளியிட்ட டூயல்சென்ஸ் கண்ட்ரோலரைத் திறக்க, கூட்டல் குறி போட்ட சாதாரண ஸ்க்ரூ நான்கைக் கழற்றினால் போதும். அவை மேல் பட்டைக்கும் பொத்தான்களுக்கும் அடியில் மறைந்திருக்கின்றன. பேட்டரியைப் பிடுங்கி மாற்றலாம். ஆனால் தேய்கிற குமிழை மட்டும் 14 இடங்களில் ஈயம் வைத்துப் பலகையோடு பற்ற வைத்திருக்கிறார்கள். கை தேர்ந்த மெக்கானிக்குக்கே அதை எடுப்பது பாடு.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல் இரண்டே போதும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே போக, நடுவில் குச்சி வைத்த நட்சத்திர ஸ்க்ரூ ஐந்தைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஐந்தில் ஒன்று லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. 2023இல் அந்நிறுவனம் உதிரி பாகங்களைத் தானே விற்கத் தொடங்கியது. அதிலும் குமிழைத் தனியாக வாங்க வழியில்லை. பலகையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

நின்டெண்டோவின் ஜாய்கான், 2017இல் வந்தது. இதிலும் வெளியே இருப்பது மூன்று இதழ் போட்ட விசித்திர ஸ்க்ரூ. உள்ளே குமிழை இரண்டு ஸ்க்ரூவும் ஒரு மெல்லிய பட்டை வயரும்தான் பிடித்திருக்கின்றன. ஈயம் தொட வேண்டாம். மாற்றுவதற்கு எளிது. ஆனால் அந்தக் குமிழ் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று உலகெங்கும் புகார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு 2021 ஜனவரியில் கிட்டத்தட்ட 25,000 புகார்களைத் திரட்டி முறையிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் ஐரோப்பாவில் இலவசமாகச் சரி செய்து தருவதாக நின்டெண்டோ 2023இல் ஒப்புக்கொண்டது. ஒருவர் தனியாக முனகினால் காதில் விழாது, கூடிக் கேட்டால் விழும் என்பதைச் சங்கம் வைத்து நடத்தும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்றில் பேட்டரி சுலபம், குமிழ் கஷ்டம். மற்றொன்றில் குமிழ் சுலபம், ஆயுள் குறைவு. இவற்றில் எதையாவது கடையில் அட்டைப் பெட்டியைப் பார்த்து வாங்குபவர் அறிய முடியுமா? முடியாது.

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. 2023இல் சோனியே டூயல்சென்ஸ் எட்ஜ் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் குமிழைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். புதுக் குமிழ் ஒன்று அமெரிக்காவில் சுமார் 20 டாலர். கண்ட்ரோலரின் விலையோ 200 டாலர்! சாதாரண டூயல்சென்ஸ் வெளியானபோது 70 டாலர்தான். வழி தெரிந்திருந்தும் அதை அதிக விலைக்காரருக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். உரசாமல் காந்தத்தைக் கொண்டு இயங்கும் குமிழும் புதிதல்ல. 1998இல் ஜப்பானில் வெளியான சேகா டிரீம்காஸ்டிலேயே அது இருந்தது.

விளையாட்டுச் சாமானுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் கல்லாவில் இருக்கும் பில் மெஷினில் தேய்வது அச்சுத் தலை. மின்னணுத் தராசில் முதலில் சோர்வது பேட்டரி. அதே கணக்குத்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் பில் மெஷின் நின்றுபோய், "இந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை, புதிதாக வாங்குங்கள்" என்று கேட்டால் அந்த நஷ்டம் யாருடையது?

பிரான்சில் 2021 ஜனவரி முதல் மொபைல் போன், லேப்டாப், டி.வி., துணி துவைக்கும் எந்திரம் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுது நீக்கும் மதிப்பெண் போட வைத்தார்கள். விளக்கக் குறிப்பு கிடைக்கிறதா, கழற்றுவது எளிதா, பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்றெல்லாம் பார்த்து மதிப்பெண். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் இணையதளமும் திறந்தது. இத்தகைய மதிப்பெண் பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்ல தொடக்கம். ஆனால் மொபைல் போனோடு நிற்கக் கூடாது. பில் மெஷினும் தராசும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

கண்டவர் கையில் கொடுத்தால் ஆபத்து, லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பார்கள். கவனம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் தராசைப் பழுது பார்ப்பவருக்கு எடையளவுச் சட்டம் உரிமம் கேட்கிறது. பழுது பார்த்தபின் மீண்டும் முத்திரை வைக்கச் சொல்கிறது. ஆபத்துக்குப் பயந்து தராசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அசல் பாகத்தை நியாய விலைக்கு விற்றால் போலிப் பாகத்தை யார் தேடப் போகிறார்கள்?

பழுது பார்த்தால் புதுச் சரக்கு விற்காதே என்ற கவலையும் உண்டு. பாகம் விற்பதும் வியாபாரம்தான். பழுது பார்ப்பவரும் நம் வீதியில் கடை போட்டிருக்கும் சிறு வணிகர்தான். புது எந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வெளியூர் போகிறது. பழுது பார்க்கும் கூலி உள்ளூரிலேயே சுற்றுகிறது.

இந்த மதிப்பெண் சட்டமாகும்போது ஒன்றை நாம் உறுதியாகக் கேட்க வேண்டும். மதிப்பெண்ணைக் கணக்கிட்டு அச்சடிக்கும் பொறுப்பும், பொய்யானால் தண்டனையும் தயாரிப்பாளருக்கே. விற்பவர் அதை மறைக்காமல் காட்டினால் போதும். பருப்புப் பாக்கெட்டில் பட்ட அவதி மறுபடியும் வேண்டாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை பில் மெஷினோ தராசோ வாங்கும்போது, முதலில் தேயும் பாகம் எது, அது தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சரக்கைப் பிரித்துக் காட்டி விற்பது நம் பழக்கம். நமக்கு விற்பவரும் அப்படியே விற்கட்டும்.