சானடோரியம் ஸ்டேஷனும் ஒரு பிஎச்டியும்

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பிஎச்டி பண்ணலாம்னு இருக்கேன்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் பாக்குறாங்க. "28 வயசுல அஞ்சு வருஷத்தத் தூக்கிக் குப்பைல போடப் போறியா? ஆறு மாசத்துல ஒரு டேட்டா சயின்ஸ் கோர்ஸ முடிடா, சம்பளம் ஏறும்!" வீட்ல அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ கல்யாணம்?"

ஏன் இந்த ஆசைன்னு சொல்லிடறேன்.

மெப்ஸுக்குப் போக தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்லதான் இறங்குறேன். 1928-ல் அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்னா மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நோயாளிகள் ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் கேட்ட கேள்வி சிம்பிள்: வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். டாக்டரே தேர்ந்தெடுத்திருந்தால் முற்றிய கேஸ்களை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார், ஒப்பீடே பொய்யாகியிருக்கும். 1959-ல் வெளியான முடிவு: ஒரு வருட சிகிச்சைக்குப் பின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாசம் மாத்திரை, அவ்வளவுதான். வீட்டுலயே இருந்து சரியானார். அதுக்குப் பின்னாடி ஒரு குலுக்கல் இருந்துச்சுன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுகிட்டேன்.

சரி, இதுக்கு பிஎச்டி எதுக்கு, கோர்ஸ் போதாதா?

இன்னொரு கதை. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும்னு மரபணுவை வைத்தே சொல்லிவிடலாம் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு சொன்னது. நோயாளிகளை வைத்துச் சோதனையும் ஆரம்பித்துவிட்டார்கள். பேகர்லி, கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் உட்கார்ந்து தோண்டினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது! நம்ம ஊரு ஆஃப் பை ஒன் பக் மக்களே! அது மட்டுமில்லை, இன்னும் பல தப்புகள். 2009-ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். 2010-ல் சோதனைகள் நின்றன.

நம்ம ஆபீஸ்ல அந்த பக் வந்தா ஒரு ஹாட்ஃபிக்ஸ், ஒரு சாரி மெயில். அங்கே அந்தப் பக்கம் இருப்பது கேன்சர் நோயாளி.

மாடலை ஓட்ட ஆறு மாசத்துல கத்துக்கலாம். வந்த விடையை எப்போ நம்பக் கூடாதுன்னு தெரிய, டேட்டா எப்படி வந்துச்சுன்னு தோண்டிப் பாக்கணும், அடிப்படைக் கணக்கு தெரியணும். அதுக்கு அஞ்சு வருஷம் அதிகமில்லைங்கிறது என் கட்சி.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு குதிக்கச் சொல்லல. கோடிங் தெரிஞ்சா போதும்னு போனா முதல் வருஷமே அடி விழும். அங்கே நிகழ்தகவும் தேற்ற நிரூபணமும்தான் ராஜ்ஜியம். இஞ்சினியரிங்ல அரியர் வைக்காம தப்பிச்ச கணக்கை எல்லாம் இப்போ ராத்திரி உக்காந்து திரும்பப் போட்டுகிட்டு இருக்கேன். ஃபீஸ் தள்ளுபடியும் மாச உதவித்தொகையும் இல்லாம கடன் வாங்கிப் போறது முட்டாள்தனம். 2025-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டியதும் சில பல்கலைகள் பிஎச்டி சேர்க்கையையே குறைத்தன, அதையும் மனசுல வச்சுக்கணும்.

உதவித்தொகை கிடைச்சா போறேன். கிடைக்கலேன்னா அடுத்த வருஷமும் அதே ஸ்டேஷன்ல இறங்கி, திரும்ப விண்ணப்பிப்பேன்.

அம்மாகிட்ட மட்டும் இன்னும் பதில் சொல்லல. ஐடியா இருந்தா சொல்லுங்கப்பா!