இருமட்டும் விடுங்கள்

எங்கள் வயதுக்காரர் யாராவது இரண்டு முறை இருமினால் போதும், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இருமல் மருந்தைத் தேடுவார்கள். அன்பினால்தான். அந்த அன்பு எனக்கு ஒருமுறை ஆபத்தாக முடிய இருந்தது.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தேன். இருமினால் தையல் போட்ட இடத்தில் உயிர் போகும். அதனால் வந்த இருமலையெல்லாம் அடக்கிக்கொண்டு, மல்லாந்தபடியே கிடந்தேன். அறையில் ஏ.சி. வேறு. இரவில் தூங்கட்டும் என்று, அலமாரியில் மிச்சமிருந்த கோடீன் கலந்த மருந்தை ஒரு மூடி கொடுத்தார்கள். நன்றாகத்தான் தூங்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல். வலது நுரையீரலின் அடியில் சளி அடைத்து நிமோனியா தொடங்கிவிட்டது என்றார் டாக்டர்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டாம். வினாடிக்குப் 10, 15 முறை அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். சிகரெட் புகை அந்த இழைகளை முடக்கும், நாளடைவில் அழிக்கும். ஃப்ளூ வந்துபோனால் அவை மறுபடி முளைக்கச் சில வாரம் ஆகும். மயக்க மருந்து அவற்றை மந்தமாக்கும். வறண்ட காற்றும், உடம்பில் நீர் குறைவதும் சளியைப் பசையாக்கும். வயதானால் வேகம் தானே குறையும். அதற்கு யாரை நோவது? இழைகள் ஓய்ந்தால் மிச்ச வேலையைச் செய்வது இருமல்தான். நான் அதையும் அடக்கி வைத்தேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இருமல் இரண்டு வகை: சளியோடு வந்தால் 'தூ கிராஸ்', அதாவது கொழுத்த இருமல், வறட்டு இருமல் 'தூ செஷ்'. தமிழிலும் இந்தப் பாகுபாடு இருக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் நின்று, "இருமலுக்கு ஏதாவது குடுப்பா" என்றுதானே கேட்கிறோம்? சளியோடு வரும் இருமலை அடக்கும் மருந்தை, டாக்டர் சொல்லாமல் நம் வயதில் யாரும் தொடக்கூடாது என்பது என் கட்சி.

ஆன்டிபயாடிக் ஒரு பக்கம் ஏறியது. இன்னொரு பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து என்னை நிமிர்த்தி உட்காரவைத்தார். தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, "இப்ப நல்லா மூச்சை இழுத்து இருமுங்க ஐயா" என்றார். வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது. வெளியே வந்ததைச் சொல்லி உங்கள் காப்பியைக் கெடுக்க விரும்பவில்லை. இந்த ஐந்து நிமிடப் பாடத்தை ஆபரேஷனுக்கு முதல்நாளே சொல்லித்தந்திருக்கலாமே என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.