பஞ்சம் ஈன்ற இரு ஆராய்ச்சிகள்

பழனிமலைத் தொடரில், கோடைக்கானலில் 1899ஆம் ஆண்டு தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடத்திற்கு 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சமும் ஒரு காரணம் என்பதை நம்மில் பலர் அறியார். கதிரவனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்தால் மழை பொய்க்கும் ஆண்டை முன்னறியலாம் என அந்நாள் அறிஞர் சிலர் கருதினர். யூசுஃப் நபி (அலை) அவர்கள் ஏழாண்டு வறட்சிக்கென முன்கூட்டியே தானியத்தைக் கதிரோடு சேமித்த வரலாற்றை அறிந்த நமக்கு அந்நோக்கம் புதிதன்று. ஆயினும் கரும்புள்ளிகள் பஞ்சத்தைத் திட்டமாகச் சொல்லவில்லை.

பசித்தோருக்கு உதவியது மற்றோர் ஆராய்ச்சி. நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சில காசும் போதும் என்றார் ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், மக்கள் மெலிவதையும் மரணக் கணக்கையும் எடுத்துக்காட்டி மறுத்தார். கூலியைக் குறைத்தது 1877 ஜனவரியில். சென்னை அரசு உயர்த்தியது பின்னரே. இடைப்பட்ட காலமும் பட்டினி கிடந்தோர் உடலிலேயே கழிந்தது.